வலப்பக்கம் பார்த்த அம்பு

"விழும்னு வருது."

"எது விழும்?"

"வாதம் விழும், சஃபி. கட்டடம் இல்ல. முகத்தை அப்படி வச்சுக்காதே."

மக்ரம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு திரையை அவள் பக்கம் திருப்பினார். சஃபினாஸ் கையிலிருந்த சூடான சஹ்லப் பானக் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். கறுப்புத் திரை. மேலே மக்ரம் தட்டிய கட்டளை, ஒரு வரி. அதற்குக் கீழே விடையாக ஒரே ஒரு சொல். விழும்.

போன வாரம் இதே கட்டடத்துக்கு, இதே வாதங்களை அவள் எழுதிக் கட்டளையைத் தட்டியபோது வந்த சொல் வேறு. நிற்கும்.

அந்தக் கட்டடத்தின் நான்காவது மாடியில் அவளுடைய அக்கா கரிமான் குடியிருந்தாள். அங்குள்ள குடியிருப்போர் சங்கத்தின் தலைவியும் அவள்தான். அந்த ஒற்றைச் சொல்லை நம்பித்தான், இந்தக் குளிர்காலம் யாரும் காலி செய்ய வேண்டாம், தூண்களுக்கு முட்டுக் கொடுக்கும் வேலையை வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று சங்கம் முடிவு செய்திருந்தது.

ரம்ல் ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில், ஒரு பல் டாக்டருக்கு மேல்மாடியில் இருந்தது அவர்களுடைய அறை. மக்ரம் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். சஃபினாஸ் ஒரு கப்பல் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்து, அது மூடியதும் அவரோடு சேர்ந்தவள். குடியிருப்போர் சங்கத்துக்காரர்களும் வாடகை வழக்கு வக்கீல்களும் படியேறும்போதே கத்திக்கொண்டுதான் வருவார்கள். யார் எதற்கு எதைக் காரணமாகச் சொல்கிறார்கள் என்று பிரித்து எழுதிக் கொடுப்பது இவர்கள் வேலை. மேலே ஒரு கூற்று. கீழே அதைத் தாங்கும் காரணங்கள், அதைத் தாக்கும் மறுப்புகள். எல்லாம் சாதாரண எழுத்துதான். எழுதி முடித்துக் கட்டளையைத் தட்டினால், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் கோத்துப் பார்த்து, மேலே இருக்கும் கூற்று நிற்குமா விழுமா என்று சொல்லும்.

எப்படி எழுதுவது என்பதில்தான் இருவருக்கும் ஒரு மாதமாகச் சண்டை. மக்ரமுடைய முறைக்குப் படிக்கட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். கூற்றுக்குக் கீழே ஒரு படி உள்ளே தள்ளி எழுதினால் அது மேலே இருப்பதைப் பற்றிய பேச்சு. கூட்டல் குறி போட்டால் தாங்குகிறது, கழித்தல் குறி போட்டால் தாக்குகிறது. சஃபினாஸின் முறை அம்பு. ஒவ்வொரு வரியின் தலையிலும் ஓர் அம்புக்குறி, யார் யாரைத் தாக்குகிறார் என்று காட்டும். ஒரே காரணத்தை நாலு இடத்தில் பாய்ச்சலாம்.

"உன் அம்பு எந்தப் பக்கம் குத்தும்னு அதுக்கே தெரியாது" என்பார் மக்ரம்.

"உங்க படிக்கட்டுல ஒரு ஸ்பேஸ் தவறினா ஆளே உருண்டுருவான்" என்பாள் அவள்.

சண்டையைத் தீர்க்கத்தான் இன்று மக்ரம், போன வாரம் அவள் அம்பில் எழுதிய கட்டடத்து ஃபைலை எடுத்துப் படிக்கட்டாக மாற்றி எழுதினார். ஒரே விடை வரும், எது எழுதச் சுலபம் என்று மட்டும் பார்க்கலாம் என்று நினைத்திருந்தார்கள்.

"உங்க படிக்கட்டுலதான் எங்கயோ இடறியிருக்கு" என்றாள் சஃபினாஸ். "ஸ்பேஸ் எண்ணுங்க."

"எண்ணிட்டேன்."

"திரும்ப எண்ணுங்க, உஸ்தாத்."

"எண்ணிட்டேன்னு சொல்றேனே. என் பேரப் பிள்ளைங்களை எண்ணினதைவிடக் கவனமா எண்ணியிருக்கேன்."

ஜன்னலுக்கு வெளியே, சந்தின் முனையில் கடல் எப்போதும் ஒரு கோடாகத்தான் தெரியும். இன்று அந்தக் கோடு எழும்பி எழும்பி இறங்கியது. மீனவர்கள் விடியும்போதே படகுகளை மேலே இழுத்துக் கட்டிவிட்டார்கள். மாலைக்குள் மக்னஸா வந்துவிடும். வருஷத்தின் முதல் பெரிய புயல்; விளக்குமாறு என்று பெயர், தெருவைப் பெருக்கிக்கொண்டு போவதால். கீழே பல் டாக்டரின் தகரப் பலகை இப்போதே கிறீச்சிட ஆரம்பித்திருந்தது.

போன் அடித்தது. கரிமான்.

"சஃபி, வேலை முடிஞ்சதும் இங்க வந்துரு. முதல் மழை, பருப்பு சூப் வச்சிருக்கேன். ரொட்டியும் வறுத்தாச்சு."

"அப்லா, உங்க சமையலறைக் கதவு எப்படி இருக்கு?"

"அய்யூஹ்! அக்கா எப்படி இருக்கான்னு கேக்கமாட்டா, கதவு எப்படி இருக்குன்னு கேப்பா. அப்படியேதான் இருக்கு. அம் தர்தீரி அடியில இழைச்சு விட்டாரு, நாலு நாள் மூடிச்சு, இப்ப மறுபடி பிடிக்குது."

"எங்க பிடிக்குது? அடியிலயா?"

"இல்ல, இப்ப மேல மூலையில. மரம் மழைக்கு ஊதும், தெரியாதா? என்னடி, கதவுக்கு மாப்பிள்ளை பாக்கறியா?"

சஃபினாஸ் சிரிக்கவில்லை. "அந்தக் காகிதம் இன்னும் ஒட்டியிருக்கா?"

"லிஃப்ட் கதவுலதான். கொட்டை எழுத்துல நிற்கும்னு. போறவங்க எல்லாம் அதைத் தொட்டுட்டு பிஸ்மில்லா சொல்லிட்டுப் போறாங்க. உனக்கு ரொம்பப் பேரு கிடைச்சிருக்கு இங்க. ஏன் கேக்கறே?"

"சும்மாதான்."

"சும்மா கேக்கற குரலா இது?"

"சும்மாதான், அப்லா. வர்றேன்."

போனை வைத்தாள். மக்ரம் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "ஏன் சொல்லலை?"

"என்னன்னு சொல்ல? போன வாரம் நிக்கும், இந்த வாரம் விழும், ஏன்னு தெரியலைன்னா? ஆகஸ்ட்ல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும்ல."

அவருக்குத் தெரியும். ஆகஸ்டில் யாரோ கட்டடம் ஆடுது என்று கத்தினார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் படிக்கட்டில் ஓடினார்கள். கட்டடம் ஆடவில்லை, எதிர்த் தெருவில் லாரி ஒன்று இரும்புக்கம்பி இறக்கியது. ஆனால் இரண்டாவது மாடி ஹாஜ் பயூமி மிதிபட்டு இடுப்பை உடைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அந்தக் கட்டடத்தில் விழும் என்ற சொல்லை யாரும் சொல்வதில்லை.

"திரும்பவும் ஓட விட்டா அவங்க படியிலயே செத்துருவாங்க" என்றாள் சஃபினாஸ். "ஓடாம விட்டா..."

"அப்ப எது தப்புன்னு இப்பவே கண்டுபிடிப்போம். ரெண்டுலயும் இருக்கிறது ஒரே வாதம்தானே? படி."

அவள் தன் ஃபைலைத் திறந்து உரக்க வாசித்தாள். "மேல, 'இந்தக் குளிர்காலம் கட்டடத்தில் தங்கலாம்.' அதுக்குத் துணையா, 'நம் தாத்தா காலத்திலிருந்து நிற்கிறது.' இன்னொரு துணை, 'போன வருஷப் புயலில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை.' அப்புறம் மறுப்பு, இன்ஜினியர் சொன்னது. 'கீழ்த்தளத் தூண்களின் இரும்பை உப்பு தின்றுவிட்டது.'"

"என்கிட்டயும் அதேதான். சொல் மாறலை. மறுப்புக்குக் கழித்தல் குறி போட்டிருக்கேன். நீ?"

"மறுப்பு அம்பு போட்டிருக்கேன். இதோ, பாருங்க."

மக்ரம் பார்த்தார். அம்பு இருந்தது. இடப்பக்கம் பார்த்துக்கொண்டு, கையேட்டில் இருந்தது போலவே.

"சரியாத்தான் இருக்கு" என்றார், வருத்தத்தோடு. தன்னுடையதுதான் தப்பு என்றால் அவருக்கு அன்றைக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"வாக்கியமா சொல்லச் சொல்லுவோமா?"

கட்டளையின் வாலில் ஒரு சொல்லைச் சேர்த்தால், கம்ப்யூட்டர் தான் புரிந்துகொண்டதை வாக்கியமாக எழுதிக் காட்டும். அவர்கள் அதைப் பயன்படுத்துவதே இல்லை. அந்தக் கறுப்புத் திரைக்கு அரபு எழுதத் தெரியாது. எழுத்துகள் ஒன்றையொன்று கைகோக்காமல், ஒவ்வொன்றும் தனித்தனியாக, கடைசி எழுத்து முதலில் வர, கலைந்து கிடக்கும். ஒவ்வோர் எழுத்தாகப் பின்னாலிருந்து பொறுக்கி எடுத்தால்தான் சொல்லாகும்.

முதலில் மக்ரமுடையது. சஃபினாஸ் திரையில் விரலை வைத்துப் பொறுக்கிச் சொல்ல, அவர் பழைய உறை ஒன்றின் பின்பக்கம் எழுதினார். 'கீழ்த்தளத் தூண்களின் இரும்பை உப்பு தின்றுவிட்டது' என்பது 'கட்டடத்தில் தங்கலாம்' என்பதை மறுக்கிறது.

"சரி. இன்ஜினியர் சொன்னது இதுதான். இப்ப உன்னோடது."

அவள் தட்டினாள். பொறுக்கத் தொடங்கினாள். முதல் சொல்லிலேயே விரல் நின்றது.

"என்ன?"

"'கட்டடத்தில்'னு ஆரம்பிக்குது."

"இரும்புன்னு ஆரம்பிக்கணுமே."

"கட்டடத்தில்... தங்கலாம்..."

"வேகமா சொல்லு."

"இருங்க, எழுத்து கலைஞ்சு கிடக்கு. 'கட்டடத்தில் தங்கலாம் என்பது...'" அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. "'...இரும்பை உப்பு தின்றுவிட்டது என்பதை மறுக்கிறது.'"

பலகை கீழே ஒருமுறை அறைந்து ஓய்ந்தது.

"என்ன பேச்சு இது?" என்றார் மக்ரம், அதையும் உறையில் எழுதிவிட்டு. "நாம தங்கறோம், அதனால இரும்பு அரிக்கலைன்னா?"

"அப்படித்தான் அதுக்கிட்ட நான் சொல்லியிருக்கேன்."

"நீயா? அம்பு சரியாத்தானே இருக்கு?"

சஃபினாஸ் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். போன வாரம் நடந்தது இப்போது முழுசாக நினைவுக்கு வந்தது. கையேடு ஆங்கிலத்தில். அதில் வரி இடப்பக்கம் தொடங்கும். மறுப்பு அம்பும் இடப்பக்கம் பார்த்து, வரியின் தலைக்கு வெளியே, மேலே இருக்கும் கூற்றைக் குத்தும். அவள் அரபியில் அடித்தபோது வரி வலப்பக்கம் தொடங்கியது. எடிட்டர் தானாகவே அம்பையும் வலப்பக்கம் திருப்பிக் காட்டியது. அரபு வரிக்குத் தலை அங்கேதானே இருக்கிறது. அது சரியாகத்தான் காட்டியது.

"அம்பு வலப்பக்கம் பாத்துச்சு, உஸ்தாத். கையேட்டுல இடப்பக்கம் பாக்குது. தப்பா அடிச்சிட்டேன்னு நினைச்சேன். அழிச்சுட்டுத் திருப்பிப் போட்டேன். படத்துல இருக்கிற மாதிரியே வந்துச்சு. அழகா வந்துச்சு."

"வலமிருந்து இடமா எழுதறவங்க, இடமிருந்து வலமா எழுதறவங்க படத்தைப் பாத்து வரைஞ்சா..."

"கண்ணுக்குச் சரி. மெஷினுக்கு நேர் எதிர்." அவள் எழுந்துவிட்டாள். "இன்ஜினியர் சொன்னது மேலயே நான் அம்பைத் திருப்பிட்டேன்."

"கன்னித் தாயே!" என்றார் மக்ரம். பிறகு கோட்டை எடுத்து அவள் கையில் திணித்தார். "என் படிக்கட்டு ஜெயிச்சதுன்னு சொல்ல ஒரு மாசமாக் காத்திருந்தேன். இன்னிக்குச் சொல்லமாட்டேன். போ. நான் இன்ஜினியரைப் பிடிக்கறேன்."

"இன்ஜினியர் வேற ஏதாவது சொன்னா?"

"அவர் ஒரு தடவைதான் சொன்னார். நாமதான் ரெண்டு விதமா எழுதினோம். ஓடு. அந்த உறையையும் எடுத்துக்கோ."

டிராமில் கூட்டம் இல்லை. கடலோரச் சாலையை அலை தாண்டிவிட்டது என்று கண்டக்டர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். கட்டடங்களுக்கு நடுவே சந்து வரும்போதெல்லாம் கடல் தெரிந்தது. ஒவ்வொரு சந்திலும் முந்தியதைவிடக் கிட்டே வந்திருந்தது போல இருந்தது. சஃபினாஸ் ஒவ்வொரு கட்டடத்தையும் அண்ணாந்து பார்த்தாள். எல்லாம் நின்றுகொண்டிருந்தன. நிற்கிற கட்டடத்தைப் பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது என்று முதல் தடவையாகத் தோன்றியது.

இப்ராஹிமிய்யாவில் இறங்கும்போது மழை சாய்வாக அடித்தது. கட்டட வாசலில் காவல்காரர் அம் தர்தீரி எண்ணெய்க் கிண்ணத்தோடு குந்தியிருந்தார். வாசலின் இரும்புக் கதவு அவருடைய பெருமை.

"வாங்க, சித் சஃபினாஸ். ஒரு விரலால தள்ளிப் பாருங்க. வெண்ணெய்! மேல இருக்கிற கதவெல்லாம் என் உயிரை எடுக்குது, இது ஒண்ணுதான் சொன்ன பேச்சைக் கேக்குது."

அவள் தள்ளினாள். கதவு சத்தமில்லாமல் திறந்தது. உள்ளே பல வருஷமாக ஓடாத லிஃப்ட், அதன் கதவில் அந்தக் காகிதம். பலர் தொட்டுத் தொட்டு மூலை கறுத்திருந்தது. அவள் நிமிர்ந்து பார்க்காமல் படியேறினாள். சுவரில் கை வைக்கவில்லை.

"கோட்டைக் கழட்டு, சூப் ஊத்தறேன்" என்றாள் கரிமான், கதவைத் திறந்துகொண்டே. "முகம் ஏன் மாவு மாதிரி இருக்கு?"

"அப்லா, எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போகணும். இப்பவே."

கரிமான் கரண்டியோடு நின்றாள். "உக்காரு."

"உக்கார நேரமில்ல."

"உக்காருன்னேன். போன வாரம் நிக்கும்னே. நான் தலைவி, நான் கையெழுத்துப் போட்டேன், உன்னை நம்பி. இப்ப மழை பெய்யுது, உனக்குப் பயம் வந்துருச்சு. சின்ன வயசுலயே இடி இடிச்சா என் போர்வைக்குள்ள வந்து கால் மேல கால் போட்டுத் தூங்குவே."

"இது இடி பயமில்ல. நான் தப்பா எழுதிட்டேன். ஒரு குறியைத் திருப்பிப் போட்டுட்டேன்."

"ஒரு குறி."

"ஒரே குறி."

"ஒரு குறிக்காக ஹாஜ் பயூமியை இந்த மழையில தூக்கிட்டுப் போகச் சொல்றியா? ஆகஸ்ட்ல அவர் கத்தினது இன்னும் என் காதுல இருக்கு, சஃபி. எங்க போறது இத்தனை பேரும்? இன்ஜினியர் கிடக்கார். நானும் அவர்கிட்டக் கேட்டேனே: இரும்பு அரிச்சிருந்தா நாம எப்படி இங்க குடியிருந்திருப்போம்? அவரால பதில் சொல்ல முடிஞ்சுதா?"

சஃபினாஸ் கோட்டுப் பையிலிருந்து உறையை எடுத்தாள். மழையில் ஓரம் நனைந்திருந்தது.

"இதைப் படிங்க."

"கண்ணாடி இல்ல. நீயே படி."

"'கட்டடத்தில் தங்கலாம் என்பது, இரும்பை உப்பு தின்றுவிட்டது என்பதை மறுக்கிறது.'"

"யார் சொன்னது இது?"

"கம்ப்யூட்டர். அம்பை நான் திருப்பினதால அது இப்படிப் புரிஞ்சுக்கிச்சு. இதை வச்சுத்தான் நிக்கும்னு சொல்லுச்சு."

கரிமான் உரக்கச் சிரித்தாள். "பைத்தியக்கார மெஷின்! நாம உள்ள குடியிருக்கோம், அதனால இரும்பு அரிக்கலையாமா? உப்புக்கு என்ன தெரியும் உள்ள யார் இருக்காங்கன்னு? எந்தக் கிறுக்கன் அப்படிப் பேசு..."

நிறுத்தினாள்.

அடுப்பில் சூப் கொதிக்கும் சத்தம் கேட்டது. சமையலறைக் கதவின் மேல் மூலை நிலையில் மாட்டி, பாதியில் நின்றிருந்தது. கரிமான் அதையே பார்த்தாள்.

"நான்தான்" என்றாள்.

"அப்லா..."

"அந்த இன்ஜினியர்கிட்ட அதே வார்த்தை. கையைக் கட்டிக்கிட்டு நின்னு சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க." அவள் கரண்டியை மெதுவாக வைத்தாள். சத்தம் வந்துவிடக் கூடாது என்பது போல. "எனக்குப் பயம்டி. ஆகஸ்ட்லேர்ந்து பயம்தான். ராத்திரி படுத்தா சுவர் உள்ள மணல் இறங்கற மாதிரி கேக்கும். அதனாலதான் அந்தக் காகிதத்தை அவ்வளவு பெரிசா அடிக்கச் சொன்னேன்."

"அடுப்பை அணைங்க."

"அணைச்சாச்சு. நீ வாயைத் திறக்காதே, நான் பேசறேன். யாரும் ஓடக்கூடாது. ஓடினா நானே தள்ளி விடுவேன்."

கரிமான் முதலில் கீழே இறங்கி லிஃப்ட் கதவிலிருந்த காகிதத்தைக் கிழித்தாள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். "காகிதத்துல தப்பு. என் தங்கச்சி தப்பு, என் தப்பு. ஒரு போர்வை, மருந்து, அவ்வளவுதான். சுவரோரமா, ஒருத்தர் பின்னால ஒருத்தர்."

"போன வாரம் நிக்கும், இந்த வாரம் விழும்" என்றார் மூன்றாவது மாடியில் ஒருவர். "அடுத்த வாரம் பறக்குமா, சித் கரிமான்?"

"பறந்தா உங்களை முதல்ல ஏத்தி விடறேன். செருப்பைப் போடுங்க."

"உங்க தங்கச்சிகிட்டச் சொல்லுங்க, மெஷினைக் கடல்ல போடச் சொல்லி."

"சொல்லிட்டேன். நடங்க."

சஃபினாஸ் படியின் திருப்பத்தில் நின்று, கடந்து போகிற ஒவ்வொருவருடைய வசவையும் வாங்கிக்கொண்டாள். காது வேறொரு சத்தத்துக்காகக் காத்திருந்தது. காற்று மேல்மாடி ஜன்னல்களை உலுக்கும்போதெல்லாம் வரிசை அப்படியே உறைந்தது. யாராவது ஒருவர் ஓடத் தொடங்கினால் முடிந்தது. "இடது கால், வலது கால்" என்று கரிமான் கீழேயிருந்து வாத்தியாரம்மா மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஹாஜ் பயூமியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர் கண்ணை மூடி, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா, இன்னொரு இடுப்பு இல்ல என்கிட்ட" என்றார்.

தர்தீரி கடைசியாக வந்து வாசல் கதவை இழுத்துப் பூட்டினார். அதுவும் வெண்ணெய் போல மூடியது.

தெருமுனைப் பள்ளிவாசலின் இரங்கல் மண்டபத்தைத் திறந்துவிட்டார்கள். சாவுக்கு வருகிறவர்கள் உட்காரும் தங்க நிற நாற்காலிகளில் போர்வையைச் சுற்றிக்கொண்டு எல்லாரும் உட்கார்ந்தார்கள். "நம்ம இரங்கலுக்கு நாமளே வந்தாச்சு" என்றது ஒரு குரல். மக்ரம் போன் செய்தார்: இன்ஜினியர் தமன்ஹூரில் மாட்டிக்கொண்டிருக்கிறார், விடிந்ததும் வருவார், அதுவரை ஒருத்தரும் உள்ளே போகக் கூடாது. மக்னஸா அந்த இரவு முழுவதும் பெருக்கியது.

காலையில் மழை விட்டிருந்தது. கட்டடம் நின்றுகொண்டிருந்தது.

நடைபாதையில் எல்லாரும் மூட்டைகளோடு நின்று அண்ணாந்து பார்த்தார்கள். பால்கனியில் யாரோ மறந்துபோன துணி ஒன்று கொடியில் தொங்கியது. ஒரு கண்ணாடிகூட உடையவில்லை.

"நிக்குது பாருங்க" என்றார் மூன்றாவது மாடிக்காரர். "ராத்திரி முழுக்க நாற்காலியில உக்கார வச்சு என் முதுகைத்தான் உடைச்சாங்க. அம் தர்தீரி, கதவைத் திற. பிள்ளைங்களுக்குப் பால் காய்ச்சணும்."

"இன்ஜினியர் வரட்டும்" என்றாள் கரிமான்.

"அதான் நிக்குதே, சித் கரிமான்! இதைவிட என்ன வேணும்?"

கரிமான் தங்கையைப் பார்த்தாள். இங்கே தட்டிப் பார்க்கக் கட்டளை எதுவும் கிடையாது. சஃபினாஸுக்கு, தான் மறுபடியும் தப்பாகச் சொல்லிவிட்டோமோ, இனிமேல் இவர்கள் யார் சொன்னாலும் கேட்க மாட்டார்களோ என்று புதிதாக ஒரு பயம் வந்து பழைய பயத்தின் பக்கத்தில் உட்கார்ந்தது. அக்காவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"திற, தர்தீரி" என்றன இன்னும் இரண்டு மூன்று குரல்கள்.

தர்தீரி கரிமானைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், சாவியைப் போட்டார். சாவி சுற்றியது. ஒரு விரலால் தள்ளினார். பிறகு உள்ளங்கையால்.

"என்ன?"

"பூட்டு திறந்துருச்சு" என்றார். "கதவு வரலை."

"எண்ணெய் விடலையா?"

"நேத்துத்தானே விட்டேன். இவங்க பாத்தாங்களே."

மூன்றாவது மாடிக்காரர் மூட்டையை இறக்கிவிட்டுத் தோளைக் கொடுக்க முன்னால் வந்தார். இரும்புக் கதவின் மேல் மூலை நிலைக்குள் கடித்துக்கொண்டிருந்தது. நேற்று நேராக இருந்த நிலை இப்போது, உற்றுப் பார்த்தால் தெரிகிற அளவுக்கு, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. யாரும் தொடாமலே மேலேயிருந்து கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் தர்தீரியின் தோளில் உதிர்ந்தது, மாவு சலித்த மாதிரி.

நேற்று உள்ளே இருந்திருந்தால் இந்தக் கதவு ஒன்றுதான் வெளியே வர வழி.

"தள்ளாதீங்க" என்றாள் கரிமான். குரல் மிகவும் சன்னமாக இருந்தது. "அம் தர்தீரி, கையை எடுங்க. மெதுவா. சாவி அங்கயே கிடக்கட்டும்."

அவர் கையை எடுத்தார்.

"எல்லாரும் பின்னால. ஓடாம. அப்படியே, ஒவ்வொரு காலா."

மூன்றாவது மாடிக்காரர் தன் மூட்டையை எடுக்கக் குனியவில்லை. கதவிலிருந்து கண்ணை எடுக்காமல் எல்லாரும் பின்வாங்கினார்கள். நடைபாதையைத் தாண்டி, சாலையைத் தாண்டி, டிராம் தண்டவாளம் காலில் தட்டுகிற வரை. சஃபினாஸ் அக்காவின் சட்டைக் கையை விடவில்லை. கரிமானும் இழுத்துக்கொள்ளவில்லை.